குடில் நோட்டில் ஒரு வரி

மேசை மேல் ஒரு நோட்டுப் புத்தகம் கிடக்கிறது. ஓரங்கள் மடங்கி, மெழுகு சொட்டி, ஈரக் கைகள் பட்டுப் பட்டு உப்பிப்போன நோட்டு. தேதி, பெயர், எந்த நாடு, குழுவில் எத்தனை பேர், அடுத்து எங்கே போகிறீர்கள் என்று கட்டம் போட்டு அச்சடித்திருக்கிறது. நனைந்த காலுறையைக் கழற்றிக் காயப்போட்ட கையோடு அந்தக் கட்டங்களை நிரப்பிவிட வேண்டும். மறந்தவர்களுக்கு அறையில் இருக்கும் முன்பின் தெரியாத யாராவது ஒருவர் நினைவுபடுத்துவார்.

நியூசிலாந்தின் தென் தீவில், டனீடின் நகரை ஒட்டிய சில்வர் பீக்ஸ் மலைகளில் ஜூபிலி என்றொரு குடில். 'சாத்தானின் படிக்கட்டு' என்று பெயர் வாங்கிய செங்குத்துச் சரிவில் முழங்கால் கடுக்க இறங்கி அதை அடையலாம். கடை கிடையாது, சமையல்காரர் கிடையாது, கதவுக்குப் பூட்டும் கிடையாது. படுக்கப் பலகைக் கட்டில், குடிக்கக் கூரையில் விழுந்து தொட்டியில் சேரும் மழைநீர், எழுத அந்த நோட்டு. அவ்வளவுதான்.

டனீடின் ஒரு கல்லூரி நகரம். வெள்ளிக்கிழமை மதியம் கடைசி வகுப்பு முடிந்ததும் பழைய கார்களில் நெருக்கியடித்து ஏறும் மாணவர்களில் ஒரு பகுதியினர் அந்த ஊர்க்காரர்கள் அல்ல. அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் ஒரே ஒரு செமஸ்டர் படிக்க வந்தவர்கள். பட்டம் தங்கள் நாட்டுக் கல்லூரியில்தான் வாங்குவார்கள். நடுவில் நான்கைந்து மாதம் மட்டும் இங்கே. ஊருக்குத் திரும்பும்போது அவர்கள் கையில் இருப்பது ஒரு மதிப்பெண் பட்டியல். ஆனால், அவர்கள் இங்கே என்ன கற்றார்கள் என்பதற்குச் சான்று அந்தப் பட்டியலைவிட மலைக்குடில் நோட்டுகளில்தான் அதிகம்.

எட்டுப் பேரில் தொடங்கியது

படிப்பின் நடுவே ஒரு பருவத்தை வேறு நாட்டில் கழிக்கும் வழக்கத்துக்கு நூறு வயது ஆகிவிட்டது. முதல் உலகப் போரில் பங்கேற்றுத் திரும்பிய ரேமண்ட் கிர்க்பிரைட் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர், அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழக மாணவர்கள் 8 பேரை 1923 ஜூலையில் கப்பலேற்றி பிரான்சுக்கு அழைத்துப் போனார். மொழி கற்பதுதான் நோக்கம். ஐரோப்பாவில் 1987-ல் எராஸ்மஸ் என்ற மாணவர் பரிமாற்றத் திட்டம் வந்தது. முதல் ஆண்டில் 11 நாடுகளைச் சேர்ந்த 3,244 மாணவர்கள் அதில் போனார்கள். இன்று அமெரிக்காவிலிருந்து மட்டும் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோர் இப்படி வெளிநாடு செல்கிறார்கள். பெரும்பாலோர் போவது லண்டன், ரோம், பார்சிலோனா போன்ற நகரங்களுக்கு.

மலையேற்றமும் கல்வியும் கைகோத்த கதை தனி. இரண்டாம் உலகப் போரில் அட்லாண்டிக் கடலில் மூழ்கடிக்கப்பட்ட கப்பல்களிலிருந்து தப்பிப் பிழைத்தவர்களில் இளம் மாலுமிகள் குறைவு, வயதானவர்களே அதிகம் என்ற பேச்சு பிரிட்டனில் எழுந்தது. உடம்பில் வலு இருந்தும் இளைஞர்களுக்கு நெருக்கடியைத் தாங்கும் பழக்கம் இல்லை என்று கருதிய கல்வியாளர் குர்ட் ஹான், 1941-ல் வேல்ஸ் கடற்கரையில் 'அவுட்வர்டு பவுண்டு' பள்ளியைத் தொடங்கினார். 1965-ல் பால் பெட்சோல்ட் என்ற மலையேற்ற வீரர் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், காட்டையே வகுப்பறையாக்கித் தலைமைப் பண்பு கற்பிக்கும் பள்ளியைத் தொடங்கினார். வெளிநாட்டில் ஒரு செமஸ்டர், அதில் மலையும் ஆறும் என்ற இன்றைய மோகத்தில் இந்த இரண்டு மரபுகளும் கலந்திருக்கின்றன. அவை கலக்கும் இடங்களில் முக்கியமானது டனீடின்.

நம்மைப் போலவே 'பேப்பர்'

டனீடினில் இருக்கும் ஒடாகோ பல்கலைக்கழகம் 1869-ல் தொடங்கப்பட்டது. நியூசிலாந்தின் முதல் பல்கலைக்கழகம் இதுதான். டனீடின், ஸ்காட்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள் கட்டிய ஊர். எடின்பரோவின் கேலிக் மொழிப் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். கறுத்த கல்லில் வெண்ணிற விளிம்பு வைத்துக் கட்டிய மணிக்கூண்டு, அதன் காலடியில் ஓடும் லீத் ஓடை, சுற்றிலும் மாணவர்கள் வாடகைக்கு இருக்கும் மரவீடுகள். நம் கல்லூரிகளில் சொல்வது போலவே அங்கும் பாடத்தை 'பேப்பர்' என்றுதான் சொல்கிறார்கள். செமஸ்டருக்கு மூன்று அல்லது நான்கு பேப்பர்.

பூமியின் வட பாதியிலிருந்து வருபவர்களுக்குக் காலண்டர் தலைகீழாகிவிடும். முதல் செமஸ்டர் பிப்ரவரி கடைசியில், கோடையின் வால்பகுதியில் தொடங்கி, ஜூனில் நடுங்கும் குளிரில் முடிகிறது. இரண்டாவது, ஜூலைக் குளிரில் தொடங்கி நவம்பர் வசந்தத்தில் முடிகிறது. ஜூனில் மாலை 5 மணிக்கெல்லாம் இருட்டிவிடும். பழைய மாணவர் வீடுகளில் சுவர் வழியே குளிர் இறங்கும். வீட்டுக்குள்ளேயே கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்து படிப்பது ஊர் வழக்கம்.

தனியாக வந்து இறங்குபவர் தவித்துப் போகாமல் இருக்கப் பல்கலைக்கழகம் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. வெளிநாட்டு மாணவர்களுக்கான பகிர்வு வீடுகளில் உள்ளூர் மாணவர் ஒருவரையும் குடியமர்த்துகிறது. 'கிவி ஹோஸ்ட்' என்று பெயர். எந்தக் கடையில் பழைய ஸ்வெட்டர் மலிவு, எந்த மலைக்கு எந்த மாதத்தில் போகக்கூடாது என்பதையெல்லாம் பாடத்திட்டம் சொல்லாது. இவர் சொல்வார்.

வாடகை முதுகுப்பையும் பழைய வேனும்

மலைநடையை நியூசிலாந்துக்காரர்கள் 'டிராம்பிங்' என்கிறார்கள். ஒடாகோ பல்கலைக்கழக டிராம்பிங் கிளப் 1923-ல் தொடங்கியது. டெலவேர் மாணவர்கள் கப்பலேறிய அதே ஆண்டு. செமஸ்டர் தொடக்கத்தில் கிளப்புகள் கடை விரிக்கும் நாளில் அந்த மேசை முன் கூட்டம் மொய்க்கும். உறுப்பினரானால் முதுகுப்பை, மழைக்கோட்டு, பனிக்கோடரி போன்றவற்றைக் குறைந்த வாடகைக்கு எடுக்கலாம். பெட்ரோல் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொண்டு கிளம்பலாம். வழியறிதல், ஆறு கடத்தல், பனியில் நடத்தல் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பயிற்சி வகுப்புகளும் உண்டு. சொல்லிக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் சீனியர் மாணவர்கள்.

சாகசம் என்றாலே பணக்கார விளையாட்டு என்ற எண்ணம் இங்கே உடைகிறது. நியூசிலாந்து நிலப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, 1987-ல் உருவான இயற்கைப் பாதுகாப்புத் துறையின் கையில் இருக்கிறது. 950-க்கும் மேற்பட்ட மலைக்குடில்களை அந்தத் துறை பராமரிக்கிறது. மான் வேட்டைக்காரர்களுக்காகவும் ஆடு மேய்ப்பவர்களுக்காகவும் ஒரு காலத்தில் கட்டப்பட்டவை அவற்றில் பல. சாதாரணக் குடிலில் ஓர் இரவு தங்க ஆகும் செலவு, நகரத்து விடுதி அறை வாடகையில் ஒரு சிறு பகுதி. சீட்டை முன்கூட்டியே வாங்கி வந்து பெட்டியில் போட்டுவிட வேண்டும். கேட்க ஆள் இருக்காது. வாங்கினீர்களா இல்லையா என்பது உங்கள் மனசாட்சிக்கும் அந்தப் பெட்டிக்கும் இடையிலான விஷயம்.

எல்லாக் குடிலும் இவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிடாது. 'கிரேட் வாக்' என்ற பெயரில் அரசு தனிக் கவனம் கொடுத்துப் பராமரிக்கும் 11 பாதைகள் உண்டு. அவற்றில் பேர்பெற்றது மில்ஃபோர்டு பாதை. 53.5 கிலோமீட்டர், நான்கு நாள், மூன்று இரவு. 1,154 மீட்டர் உயர மெக்கின்னன் கணவாயைக் கடந்து, 580 மீட்டர் உயரத்திலிருந்து மூன்று தாவலாக விழும் சதர்லாந்து அருவியை எட்டிப் பார்த்துவிட்டு, கடல் முனையில் முடியும். வழிகாட்டி இல்லாமல் தனியே நடப்பவர்களில் நாளொன்றுக்கு 40 பேருக்குத்தான் இடம். எல்லோரும் ஒரே திசையில்தான் நடக்க வேண்டும். முன்பதிவு திறந்ததும் தட்கல் டிக்கெட் போலத் தீர்ந்துவிடும். பிப்ரவரியில் வந்து இறங்கும் மாணவர், யாராவது ரத்து செய்த இடம் கிடைக்குமா என்று கைப்பேசியைப் பார்த்தபடியே இருப்பார். ஏப்ரல் கடைசியோடு சீசன் முடிந்துவிடும். அதன்பின் பனிச்சரிவு அபாயம்.

ஆற்றுக்கு முன் ஐந்து நிமிடம்

மில்ஃபோர்டு அமைந்திருக்கும் ஃபியார்ட்லாந்து, உலகில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. சென்னையில் ஆண்டு முழுவதும் சராசரியாகப் பெய்வது சுமார் 1,400 மில்லிமீட்டர். மில்ஃபோர்டில் 6,000-ஐத் தாண்டும். மலை முழுக்கப் பாறை. விழுந்த மழையைப் பிடித்து வைக்க அதிக மண் கிடையாது. காலையில் கணுக்கால் நனையத் தாண்டிய ஓடை, மதியத்தில் இடுப்பளவு சீறும். 19-ஆம் நூற்றாண்டில் ஆற்றில் மூழ்கிச் சாவதற்கு 'நியூசிலாந்து மரணம்' என்றே பெயர் இருந்தது. பாலம் இல்லாத நாட்டில் குடியேறியவர்களை ஆறுகள் அந்த அளவுக்குக் கொண்டுபோயின.

அதனால்தான் புதிதாக வரும் மாணவருக்குப் பாறை ஏறுவதற்கு முன்பே ஆறு கடக்கச் சொல்லித்தருகிறார்கள். அந்தப் பாடம் தண்ணீருக்குள் தொடங்குவதில்லை. கரையிலேயே நிற்க வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். தண்ணீர் தெளிவாக இருக்கிறதா, கலங்கி ஓடுகிறதா? மரக்கிளைகள் மிதந்து வருகின்றனவா? காது கொடுத்துக் கேட்டால் அடியில் கற்கள் உருளும் கடகட சத்தம் வருகிறதா? ஒரு குச்சியைத் தண்ணீரில் எறிந்து, அது போகும் வேகத்துக்குக் கரையில் நடந்து பார்க்க வேண்டும். குச்சி முந்திக்கொண்டால் அந்த ஆறு அன்றைக்கு வேண்டாம்.

எல்லாம் சரியென்றால் இறங்கும் முறை இது. ஷூவைக் கழற்றக் கூடாது, வெறுங்கால் வழுக்கும். முதுகுப்பையின் மார்புப் பட்டையை அவிழ்த்துவிட வேண்டும். நான்கைந்து பேர் தோளோடு தோள் உரச வரிசையாக நின்று, ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரின் முதுகுக்கும் பைக்கும் நடுவே கையை விட்டுப் பட்டையை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். வலுவானவர் நீரோட்டம் வந்து மோதும் முனையில். வலுக்குறைந்தவர் நடுவில். முகம் எதிர்க்கரையைப் பார்க்க, ஒரே மூச்சாக, சிறு சிறு அடியாக நகர வேண்டும். ஐஸ் தண்ணீர் தொடைக்கு ஏறியதும் பேச்சு நின்றுவிடும். நேற்று வரை பெயர் தெரியாதவரின் பிடியை நம்பித்தான் அந்த இருபது அடியையும் கடக்க வேண்டும்.

வெள்ளம் அதிகமென்றால்? காத்திருக்க வேண்டும். நாள் முழுக்கக் காத்திருக்க நேரலாம். திங்கட்கிழமைத் தேர்வு போனாலும் போகட்டும் என்று குடிலுக்குத் திரும்பி, நோட்டில் இன்னொரு வரி எழுதிவிட்டு, மிச்சமிருக்கும் ஓட்ஸைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அதனால்தான் எப்போதும் ஒரு நாள் சாப்பாடு கூடுதலாகச் சுமக்கச் சொல்கிறார்கள்.

குதிப்பதற்குக் கட்டணம்

மலைப்பக்கம் போகாதவர்களுக்கும் சாகசம் இருக்கிறது, காசு வேண்டும். டனீடினிலிருந்து மூன்றரை, நான்கு மணி நேரக் கார் பயணத்தில் குயின்ஸ்டவுன். அதன் அருகில் கவராவ் ஆற்றுப் பாலத்தில், 1988 நவம்பர் 12 அன்று ஏ.ஜே.ஹாக்கெட்டும் ஹென்றி வான் ஆஷும் ரப்பர் கயிறு கட்டிக்கொண்டு குதிக்கும் 'பங்கி' விளையாட்டுக்கு உலகின் முதல் வணிகரீதியான தளத்தைத் திறந்தார்கள். 43 மீட்டர். அதே நிறுவனம் பின்னர் நெவிஸ் பள்ளத்தாக்கில் 134 மீட்டர் உயரத்தில் இன்னொன்றை அமைத்தது.

பங்கி கல்லூரிக் குறும்பில் பிறந்த விளையாட்டு என்பது பலருக்குத் தெரியாது. வனுவாட்டு நாட்டின் பெந்தெகொஸ்தே தீவில் ஆண்கள் காலில் கொடியைக் கட்டிக்கொண்டு மரக்கோபுரத்திலிருந்து குதிக்கும் சடங்கு உண்டு. அதைப் பற்றிக் கேள்விப்பட்ட ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அபாய விளையாட்டுக் கிளப்பைச் சேர்ந்த நால்வர், 1979 ஏப்ரல் 1 அன்று, முட்டாள்கள் தினத்தில், பிரிஸ்டல் நகரின் கிளிஃப்டன் தொங்குபாலத்திலிருந்து ரப்பர் கயிற்றில் குதித்தார்கள். மேலே இழுக்கப்பட்டதும் போலீஸ் பிடித்துக்கொண்டது.

குயின்ஸ்டவுன் பக்கம் ஆழமில்லாத ஆறுகளில் சீறும் ஜெட் படகுகளுக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. நியூசிலாந்துக்காரரான பில் ஹாமில்டன், பாறையும் மணல்திட்டும் நிறைந்த தம் ஊர் ஆறுகளில் ஓட்டுவதற்காக 1950-களில் உருவாக்கிய தொழில்நுட்பம் அது. எவரெஸ்ட் வீரர் எட்மண்ட் ஹிலாரி 1977-ல் அத்தகைய படகுகளில்தான் வங்கக் கடலிலிருந்து கங்கையின் போக்கை எதிர்த்து இமயம் நோக்கிப் போனார். 

குயின்ஸ்டவுனில் மாணவர் செய்ய வேண்டியது பணம் கட்டிக் கையெழுத்துப் போட்டுக் குதிப்பது மட்டும். கயிற்றின் கணக்கை வேறொருவர் போட்டுவிடுகிறார். ஜூபிலி குடிலுக்குப் போகும் வழியில் அந்தக் கணக்கை மாணவரே போட வேண்டும். சிலிர்ப்பு பாலத்தில் அதிகம், பாடம் குடில் வழியில் அதிகம். முதல் மாதம் பாலத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் மாணவர்கள் பலர், மூன்றாம் மாதம் வானிலை வரைபடத்தைப் பற்றிப் பேசுவதற்கு இதுதான் காரணம்.

விழுந்தால் யார் பார்ப்பார்கள்?

பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இது. நியூசிலாந்தில் 1974 ஏப்ரல் 1 முதல் ஒரு விந்தையான சட்டம் நடைமுறையில் இருக்கிறது. விபத்தில் யார் அடிபட்டாலும், தவறு யாருடையது என்று கேட்காமல், ஏசிசி என்ற அரசு அமைப்பு சிகிச்சைச் செலவை ஏற்கிறது. சுற்றுலா வந்தவருக்கும் இது பொருந்தும். பதிலாக, காயத்துக்கு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடும் உரிமை கிடையாது. சாகசத் தொழில் அந்த நாட்டில் செழித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பார்கள். ஆனால், காய்ச்சலோ குடல்வால் அழற்சியோ வந்தால் ஏசிசி வராது. அதனால்தான் வெளிநாட்டு மாணவர்களுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

சட்டம் மட்டுமே உயிரைக் காத்துவிடவில்லை. 2008 ஏப்ரலில், வட தீவின் மங்காடெபோபோ ஓடையின் குறுகிய பாறைப் பிளவுக்குள் பயிற்சிக்காக இறங்கிய பள்ளிக் குழுவைத் திடீர் வெள்ளம் அடித்துச் சென்றது. மாணவர்கள் 6 பேரும் ஆசிரியர் ஒருவரும் இறந்தார்கள். இதுபோன்ற விபத்துகளுக்குப் பிறகு, பணம் வாங்கி சாகசம் நடத்தும் நிறுவனங்கள் பாதுகாப்புத் தணிக்கையில் தேறிப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற விதிமுறை 2011-ல் வந்தது.

நண்பர்களாகச் சேர்ந்து போகும் மாணவர்களுக்கு எந்தத் தணிக்கையும் இல்லை. அவர்களுக்கு இருப்பது சில பழக்கங்கள். சரியான பாதையைத் தேர்ந்தெடு, வானிலை பார், கம்பளி உடுப்பும் கூடுதல் சாப்பாடும் எடு, எங்கே போகிறாய், எப்போது திரும்புவாய் என்று யாரிடமாவது சொல், கூட வருபவரைப் பார்த்துக்கொள். நாடு முழுதும் சொல்லித்தரப்படும் ஐந்து விதிகளின் சாரம் இதுதான். கைப்பேசிக்கு மலையில் சிக்னல் கிடைக்காது. அதனால் உள்ளங்கையில் அடங்கும் அவசர பீக்கன் ஒன்றைக் குழுவாக வாடகைக்கு எடுத்துக்கொள்வார்கள். பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியே மீட்பு மையத்துக்குத் தகவல் போகும், ஹெலிகாப்டர் வரும். தேடலில் முதலில் புரட்டப்படுபவற்றில் குடில் நோட்டும் ஒன்று. அந்த ஒரு வரியால் தேட வேண்டிய பரப்பு ஒரு மலைத்தொடரிலிருந்து ஒரு பள்ளத்தாக்காகச் சுருங்கிவிடும்.

இன்னொரு ஆபத்து மலையில் இல்லை, சாலையில் இருக்கிறது. நியூசிலாந்தில் இடப்பக்கம் ஓட்ட வேண்டும். வலப்பக்கம் ஓட்டிப் பழகிய அமெரிக்க மாணவர் களைத்துப்போய் ஞாயிறு இரவு வளைவுச் சாலையில் திரும்புவதைப் பற்றித்தான் உள்ளூர்க்காரர்கள் அதிகம் கவலைப்படுகிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் இந்திய மாணவருக்குச் சிரமமில்லை.

மலையே பாடம்

வாரத்தில் ஐந்து நாள் படிப்பு, இரண்டு நாள் ஊர்சுற்றல் என்று பிரித்துவிட முடியாத ஊர் டனீடின். துறைமுகத்தை ஒட்டி நீளும் தீபகற்பத்தின் முனையில் ராயல் அல்பட்ராஸ் பறவைகள் கூடு கட்டுகின்றன. விரித்தால் மூன்று மீட்டர் அகலம் வரும் சிறகுகளோடு பெருங்கடல்களைச் சுற்றிவரும் இந்தப் பறவை, மனிதர் வாழும் பெருநிலத்தில் இனப்பெருக்கம் செய்யும் ஒரே இடம் இது. அதே தீபகற்பத்தில் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வுக்கூடமும் இருக்கிறது.

நாட்டின் மிக உயரமான மலையான ஆவோராக்கியின் உயரத்தைத் திருத்தியதும் இந்தப் பல்கலைக்கழகம்தான். 1991 டிசம்பரில் ஒரு நள்ளிரவில் அந்தச் சிகரத்தின் உச்சி இடிந்து சரிந்தது. 3,764 மீட்டர் என்று பாடப்புத்தகத்தில் இருந்த உயரத்தில் 10 மீட்டர் போயிற்று. அதற்குப் பின்னும் பனிமுடி தேய்ந்துகொண்டே வந்தது. ஒடாகோவின் நில அளவைப் பள்ளி ஆராய்ச்சியாளர்கள் வான்படங்களை ஆராய்ந்து, 2013-ல் ஜிபிஎஸ் கருவியோடு ஒரு குழுவை மேலே அனுப்பி அளந்தார்கள். 2014 ஜனவரியில் அறிவித்த புதிய உயரம் 3,724 மீட்டர்.

ஆவோராக்கி, தென் தீவின் பழங்குடிகளான ங்காய் தாஹு மாவோரிகளுக்கு மூதாதை. உச்சிக்கு ஏறுபவர்கள் கடைசி அடியை மட்டும் வைக்காமல் நின்றுவிட வேண்டும் என்று அவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். 'வென்றுவிட்டேன்' என்ற படத்துக்காக ஏறுபவர்களுக்கு இது விளங்காது. மலையைச் சாமியாகப் பார்த்து, உச்சியில் ஏறாமல் அடிவாரத்தைச் சுற்றிவரும் பழக்கம் உள்ள நமக்கு விளக்கமே தேவையில்லை.

காட்டுப் பாதையில் நடக்கும்போது ஓரத்தில் வரிசையாக மரப்பெட்டிகள் தென்படும். உள்ளே முட்டையும் பொறியும். வௌவாலைத் தவிரத் தரைவாழ் பாலூட்டியே இல்லாமல் இருந்த நாடு அது. பாம்பும் கிடையாது. மனிதர்கள் கொண்டுவந்த எலியும் மரநாய் வகை விலங்குகளும் பறவைகளில் பலவற்றை அழித்துவிட்டன. 2050-க்குள் அவற்றை முற்றிலும் ஒழிப்பது அரசின் இலக்கு. மிஞ்சியிருக்கும் பறவைகளில் கீயா என்ற மலைக்கிளி மாணவர்களுக்கு நன்றாக அறிமுகம். இரவில் குடில் வாசலில் விட்ட ஷூவின் நாடாவை உருவும், காரின் ரப்பர் விளிம்பைப் பிய்த்துத் தின்னும். அதைவிடத் தொல்லை மணல் ஈ. நின்றால் கடிக்கும், நடந்தால் விட்டுவிடும்.

பளபளப்புக்குப் பின்னால்

குறைகளும் உண்டு. வானாகா ஏரிக்கு மேலே ராய்ஸ் பீக் மலையில், ஒரே பாறை முனையில் ஒரே மாதிரி நின்று படம் எடுக்க வரிசையில் காத்திருக்கிறார்கள். பின்னணியில் தனிமை தெரியும், படத்துக்கு வெளியே ஐம்பது பேர் நிற்பார்கள். ஒரே நாட்டு மாணவர்கள் ஒரே கூட்டமாக வந்து, ஒரே வேனில் சுற்றி, உள்ளூர்க்காரர் ஒருவரோடும் பழகாமல் திரும்புவதும் நடக்கிறது. பேப்பர்களைக் கடைசி வாரத்தில் படித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு முழிப்பவர்களும் உண்டு.

முக்கியமான குறை பணம். குடில் மலிவு, நாடு மலிவு இல்லை. வீட்டு வாடகையும் மளிகையும் விமானக் கட்டணமும் சேர்ந்தால் நடுத்தரக் குடும்பத்துக்குத் தலை சுற்றும். இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துத் தெரிந்துகொள்வது நல்லது. 'எக்ஸ்சேஞ்ச்' என்றால் இரு கல்லூரிகளுக்கிடையே ஒப்பந்தம் இருக்கும், மாணவர் தம் சொந்தக் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டினால் போதும். 'ஸ்டடி அப்ராட்' என்றால் போகிற பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டுக் கட்டணத்தைக் கட்ட வேண்டும். செலவில் பெரும் வித்தியாசம் இதில்தான்.

இங்கிருந்து போவதென்றால்

நியூசிலாந்துக்கு மாணவர்களை அனுப்பும் நாடுகளில் சீனாவுக்கு அடுத்து இந்தியா. ஆனால், நம்மவர்கள் பெரும்பாலும் முழுப் பட்டத்துக்கும், அதைத் தொடர்ந்த வேலைக்குமாகப் போகிறார்கள். ஒரு செமஸ்டர் மட்டும் போய் வரும் பழக்கம் இங்கே இப்போதுதான் பரவுகிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து நடத்தும் ட்வின்னிங் படிப்பில், மொத்த கிரெடிட்டில் 30 சதவீதம் வரை அங்கே பெறலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகள் அனுமதிக்கின்றன. எந்தப் பேப்பருக்கு எந்தப் பேப்பர் ஈடு என்பதைக் கிளம்புவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். வாய்வார்த்தையை நம்பிப் போனால், மலையேறி வந்தபின் அரியர் எழுத வேண்டிவரும்.

மூன்று மாதத்துக்கு மேல் படிக்க மாணவர் விசா தேவை. ஒரு செமஸ்டர் அதைத் தாண்டிவிடும். 2025 நவம்பரிலிருந்து, அங்கீகரிக்கப்பட்ட பரிமாற்றத் திட்டங்களில் ஒரு செமஸ்டருக்கு வரும் மாணவர்களும் படிப்புக் காலத்தில் வாரம் 25 மணி நேரம் வரை வேலை பார்க்க விசாவில் அனுமதி பெறலாம். வாரக்கடைசி டிராம்பிங் செலவுக்கு அது உதவும்.

தமிழ் மாணவர் யாராவது போனால், திரும்பும் வழியில் வெலிங்டனில் ஒரு நாள் இறங்குவது நல்லது. அங்குள்ள தெ பாப்பா அருங்காட்சியகத்தில் உடைந்த வெண்கல மணி ஒன்று பாதுகாக்கப்படுகிறது. 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி அதைக் கண்டபோது, மாவோரிப் பெண்கள் அதை உருளைக்கிழங்கு அவிக்கும் பாத்திரமாக வைத்திருந்தார்கள். விளிம்பில் தமிழ் எழுத்துகள். முகையிதீன் பக்ஸ் என்பவரின் கப்பல் மணி அது என்கிறது வாசகம். அந்தக் கப்பல் எப்படி அவ்வளவு தூரம் போயிற்று என்பது இன்றுவரை தீராத புதிர்.

போகும்போது, ஆக்லாந்தில் விமானம் இறங்கியதும் உயிரியல் பாதுகாப்பு அதிகாரிகளையும் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். ஏற்கெனவே போட்டு நடந்த மலைநடை ஷூ, கூடாரம் எதுவானாலும் வருகைப் படிவத்தில் குறிப்பிட வேண்டும். மறைத்து மாட்டினால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். வேறு நாட்டு மண்ணில் இருக்கும் கிருமியும் விதையும் அந்தக் காட்டுக்குள் போய்விடக் கூடாது என்பதற்காக. எனவே, போகிறவர்கள் பெட்டி கட்டும் முன்பே அடிப்பாகத்து இடுக்கில் துளி மண் இல்லாமல் ஷூவைத் தேய்த்துக் கழுவி, நன்றாக வெயிலில் காயவைத்து எடுத்துச் செல்லுங்கள்.